மோசமான கோணம்

இந்த ஊருக்கு இரண்டு பெயர்.
நிலையப் பலகையில் பீல் என்று ஒன்று,
ஒரு சாய்கோடு, பிறகு பியென்.
சத்திரசிகிச்சைக் கூடத்தில் எனக்கு இது ஏழாவது வருடம்.
கத்தரியை இரண்டு மொழியிலும் கேட்பார்கள்,
நீட்டுவது ஒரே கத்தரி.
அப்படித்தான் நினைத்திருந்தேன்
ஃப்ரொய்ட்வோ வரும்வரை.

ஜூரா மலைக்காரர். இடக்கைக்காரர்.
அவர் கையில் எங்கள் கத்தரி வெட்டாது,
மடித்துக் கடிக்கும்.
கவ்வியின் பூட்டு வலது கட்டைவிரல்
தள்ளித் திறக்கவென்று செய்தது;
அவர் இழுத்துத்தான் திறப்பார்.
ஊசியை நான் முனை இடம் பார்க்கக் கோத்து நீட்டுவேன்.
ஒன்றும் சொல்லாமல் திருப்பி மாட்டுவார்.
ஒரு தையலுக்கு மூன்று விநாடி.
எண்ணியிருக்கிறேன். எண்ணுவது என் தொழில்.

மூத்தவர் ஏபர்சோல்ட் அம்மா வலக்கை.
(அம்மா என்பது என் மனதுக்குள் மட்டும்.)
முதல் மாதம் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.
அம்மாவின் வலமுழங்கை, அவர் இடமுழங்கை,
கூட்டமான பேருந்தில் அடுத்தடுத்த இருக்கை.
மன்னிக்கவும், ஜெர்மனில்.
மன்னிக்கவும், பிரெஞ்சில்.
எட்டாம் நாள் அவர் ஊசி
அம்மாவின் கையுறைக்குள் போனது.
இரத்தப் பரிசோதனை, படிவம், மௌனம்.
இடக்கு முடக்கு என்று தமிழில் முணுமுணுத்தேன்.
வலக்கு என்றொரு குற்றம் நம் மொழியில் இல்லை
என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் உணவகத்தில்
தட்டைத் தள்ளிவைத்து அம்மா கேட்டார்:
"உங்கள் மோசமான கோணம் எது?"
மன்னிப்பு இல்லை, முன்னுரை இல்லை.
ஃப்ரொய்ட்வோ தன் செர்வலா சொசேஜைக் குறுக்கே வைத்து
முட்கரண்டியால் காட்டினார், இங்கே, இப்படி.
அது அம்மாவின் நல்ல கோணம்.
அம்மா தன் மோசமானதைக் காட்டினார்.
அது அவருடைய நல்லது.
இருவரும் கொஞ்சநேரம் அந்தத் துண்டையே பார்த்தார்கள்.
பிறகு அதை யாரோ தின்றார்கள்.

திங்கள் முதல் மேசையின் எதிரெதிர்ப் பக்கம்.
எனக்கு இரண்டு தட்டம்.
புதிதாய் வந்த இடக்கைக் கத்தரியில் நீல நாடா சுற்றினேன்.
முனை வலம் பார்த்தால் அவருக்கு,
இடம் பார்த்தால் அம்மாவுக்கு.
கனவிலும் கோத்தேன்.
தேத்தண்ணி கேட்ட கணவரிடம்
"எந்தக் கைக்கு?" என்றேன்.

பெப்ரவரியில் ஓர் இரவு, பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
குடல் முறுக்கி வந்தார்.
கறுத்ததை வெட்டியாயிற்று.
மிஞ்சியது இரண்டு வாய்கள்,
ஒரு நூல், அதன் இரு நுனியிலும் ஊசி.
பின்சுவரின் நடுவில் தொடங்கி
அம்மா ஒருபுறமாய் வளைந்தார், அவர் மறுபுறமாய்.
யாரும் மணிக்கட்டை முறுக்கவில்லை.
கண்ணாடிக்கு முன் நின்று ஒருத்தி தைப்பதுபோல் இருந்தது,
கண்ணாடிக்கு மட்டும்
முகமூடிக்கு வெளியே தாடி.

நடுவில், ஆழத்தில், ஒரு கசிவு.
அம்மாவின் கை போகாத மூலை.
அவர் கேட்கவில்லை. அம்மாவே சொன்னார்,
"இது உங்களுடையது."
முப்பது வருடம் நூலை விடாத கை
நூலை விட்டது,
உறிஞ்சுகுழாயை எடுத்துக்கொண்டது.

முன்சுவரில் ஊசிகள் சந்தித்தன.
ஒரு நுனி இவரிடம், ஒரு நுனி அவரிடம்.
முடிச்சை யார் போடுவது?
அதைப் பேசிவைக்க மறந்திருந்தோம்.
நீங்கள், ஜெர்மனில். நீங்கள், பிரெஞ்சில்.
மயக்கமருந்துக்காரர் கொட்டாவி விட்டார்.
"அம்மா" என்றேன், வாய்தவறி, உரக்க.
இரண்டு மொழிக்கும் புரிந்தது.

ஊசி பதினான்கு. சரி.
பஞ்சு இருபது. சரி.
வெளியே பனி.
முதல் பேருந்து போகிறது,
வேறு யாரோ ஓட்டிக்கொண்டு.