மைக்கூடு

மயாகுவேஸ் ஆய்வக இருட்டறையில்
எனெய்தாவின் தோல்,
அரைமணி அரிசியளவு.

நாற்பதாயிரம் மடங்கு பெருக்கினால்
ஓர் அணுவுக்குள் அத்தனை மைக்கூடுகள்.
எல்லாவற்றிலும் பாவு ஓட்டியாயிற்று
இழை இழையாய்.
நிறம் காய்ச்ச வரவேண்டிய நொதி மட்டும்
வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

மிக்தாலியா தன் முழங்கையைப் பார்க்கிறாள்.
அங்கே கூடெல்லாம் ததும்பி
அண்டை அணுக்களுக்கும் வார்த்துக்கொண்டிருக்கும்,
கேட்காமலே.

‘காலி’ என்று எழுதி
அடிக்கிறாள்.
‘மை ஏறவில்லை.’

முடிவு வாங்க வந்த எனெய்தா
அகலத் தொப்பியைக் கழற்றவில்லை.
தாளை மூக்கருகே பிடித்துப் படித்தாள்.
“ஏன், என் தோலுக்கும்
வண்ணம் போடத் தெரியுமே”
என்று பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தினாள்:

பஸ் படியில் லேசாகத்தான் இடித்தது.
முழங்கால் முழுக்கக்
கத்தரிப்பூ நிறம்,
ஓரத்தில் மஞ்சள்.