இருபத்தோராம் பிரிவு

கார்லைல் நகரில், செருப்புக்கடைக்கு மேல்மாடியில்
என் அலுவலகம். ஆறு நிமிடம் ஓர் அலகு,
அலகுக்கு இருபது பவுண்டு.
தாமசினா ரூட்லெட்ஜ் கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
"பிளாக்மெயில். அந்தச் சொல்தான் வேண்டும் எனக்கு."

எவ்வளவு கேட்டான்?

"காசு கேட்கவில்லை.
வியாழன்தோறும் நாலு மணிக்கு
சந்தைத் தேநீர்க்கடையில் அவனுக்கு எதிரே
நான் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.
தொட மாட்டான். பேச்சும் அதிகமில்லை.
மழை, முழங்கால், செத்துப்போன நாய்.
தேநீருக்கு அவனே கொடுத்துவிடுவான்."

வராவிட்டால்,
மருந்துக்கடைப் பதிவேட்டில் ஒரு பக்கம்.
தொண்ணூற்றாறில், சாகக் கிடந்த அண்டைவீட்டுக்காரிக்கு
மார்பின் இரண்டு குப்பி போனது,
கணக்கில் ஒன்று.
நகல் நிக்சனிடம்.
நாற்பத்தோரு வியாழன் ஆகிவிட்டன.

சட்டத்தைத் திறந்தேன்.
மிரட்டல் இருக்கிறது. நியாயமில்லாத கோரிக்கை இருக்கிறது.
ஆனால் ஆதாயம் என்றால் பணம், அல்லது சொத்து;
நட்டம் என்றாலும் அதுவே.
எதிர் நாற்காலியில் இருக்கும் பெண் சொத்தாக மாட்டாள்.
ஆகியிருந்தால் வழக்கு நின்றிருக்கும்.
கணக்குப் பார்த்தால் கைநட்டம் அவனுக்குத்தான்,
வாரம் ஐந்து பவுண்டு அறுபது.

வேறு சட்டம் உண்டு, தொந்தரவு என்று பெயர், என்றேன்.
"தொந்தரவு கொசு செய்வது" என்றாள்.

வடக்கே பத்து மைலில் எல்லை.
தாண்டினால் ஸ்காட்லாந்து, வேறு சட்டம்,
வேறு விடைகூடக் கிடைக்கலாம்.
தேநீர்க்கடை இந்தப் பக்கம்.

சொல் பிறந்ததே இந்த எல்லைக் குன்றுகளில்தான்.
மெயில் என்றால் அன்று கடிதமல்ல, குத்தகை.
மாட்டை ஓட்டிப் போகாமலிருக்க
குதிரையில் வந்தவனுக்குக் கொடுத்த கறுப்புக் குத்தகை.
அன்று மாடு.
இன்று மாலை நாலு மணி.
மாட்டுக்கு விலை இருந்தது.

திடீரென்று பேருந்து நினைவுக்கு வந்தது.
லாங்டவுனிலிருந்து வர, போக.
அது நட்டம்! பணமாகவே நட்டம்!
சீட்டுகளை வைத்திருக்கிறீர்களா?
கைப்பையைத் துழாவி மேசையில் ஓர் அட்டையை வைத்தாள்.
மூத்தோர் இலவசப் பயணம்.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
படத்தில் சிரித்திருந்தாள்.

பேசியது ஒன்பது அலகு.
எழுதப் பேனாவை எடுத்தவன்
மூடியைக் கழற்றவில்லை.

அவள் எழுந்தாள்.
கையுறை ஏன் கையிலேயே இருந்தது என்பது
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோது புரிந்தது.
மூன்று நாற்பது.