முந்நூறு ரிங்கிட்

கடன் கேட்கத்தான் போனேன்.
பட்டர்வொர்த்தில் ஏழு மணிப் படகு.
கைப்பையில் மடித்த துண்டுச் சீட்டு:
தவனேசன், முந்நூறு, பிப்ரவரி.
இப்போது ஆகஸ்ட்.

சூலியா தெருவில்
சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
பாதிப் படியிலேயே
பாஸ் கிட்டாரின் அதிர்வு
கைப்பிடிக் கம்பி வழியே இறங்கி
என் உள்ளங்கையைத் தொட்டது.
அவன்தான்.
கொடுக்க வேண்டியதைத் தவிர
மற்றதெல்லாம் முன்னாலேயே வந்துவிடும்.

வாசலில் பதினைந்து ரிங்கிட் வாங்கிக்கொண்டு
மணிக்கட்டில் முத்திரை குத்தினாள் ஒரு பெண்.
படகையும் சேர்த்தால்
முந்நூற்றுப் பதினேழு.

நாலு பேர்.
டிரம்ஸில் ஷாருல்,
செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு.
கீபோர்டில் கியாட் மிங், பகலில் பல் வைத்தியன்.
முகத்தை மறைக்கும் முடிக்குப் பின்னால்
கிட்டாரோடு ரோஸ்லினா.
தவனேசன் சுவரோரம்,
சம்பள நாளன்று எங்கள் கம்பெனியில்
நிற்கும் அதே கோணலில்.

பாட்டு முடியட்டும், கேட்டுவிடலாம் என்று நின்றேன்.

பத்து நிமிடம்.
பதினெட்டு.
தொடங்கிய மெட்டு
ஏதோ சந்தில் இறங்கிப் போயிருந்தது.
யாரும் தேடவில்லை.
கூரை விசிறி சுற்றுக்கொரு தடவை கீச்சிட்டது,
ஷாருல் தலையைச் சாய்த்துக் கேட்டான்,
அடுத்த சுற்றிலிருந்து
கீச்சுக்கும் கீச்சுக்கும் நடுவே
சிம்பலை வைத்தான்.

நாசி கண்டார் கடைத் துண்டு
தோளிலேயே கிடக்க, பக்கத்தில் ஒருவர்:
"அக்கா, இது என்ன பாட்டு?"
தெரியாது என்றேன்.
"அவங்களுக்குத் தெரியுமா?"

பிறையில் லோரிக் கணக்கு எழுதுகிறவள் நான்.
எந்தப் பக்கமும் கடைசி வரியில் கூடி வர வேண்டும்.
இருபத்தேழாவது நிமிடத்தில்
எழுந்து போய்விடலாம் என்று
கைப்பையை மாட்டியபோது

அவன் விரல் வழுக்கியது.

சுருதியில் இல்லாத ஓர் இடம்.
எனக்கே தெரிந்தது.
ரோஸ்லினா முடியை விலக்கிப் பார்த்தாள்.
கியாட் மிங்கின் கை
கட்டைகளுக்கு மேலே அப்படியே நின்றது.

தவனேசன் அதையே திரும்பத் தொட்டான்.
மறுபடியும்.
மூன்றாவது முறை ஷாருல்
அடியில் ஒரு கனத்த அடி கொடுத்துத் தாங்கினான்.
விருந்தில் தனியாக நிற்பவனிடம் போய்
சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல்
இரண்டு சுரங்களை
அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான் கியாட் மிங்.
ஐந்தாவது முறை அது தப்பாக இல்லை.
அதுவரை வாசித்ததுதான் தப்போ என்றிருந்தது.

ரோஸ்லினா அங்கிருந்து ஏறினாள்.
கண்ணாடிக் கிளாஸ்கள் மேசையில் நகர்ந்தன.
துண்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.
அப்போதுதான் நினைவு வந்தது:
பிப்ரவரியில் அவன் கேட்டது
இதோ இந்த ஆம்பிளிஃபையரை
அடகிலிருந்து மீட்க.
ஆக, இந்தத் தரை நடுக்கத்தில்
கொஞ்சம் என்னுடையது.

தப்பை மூன்று முறை சொன்னால் பாட்டாகிறது.
கடனை மூன்று முறை கேட்டால் சண்டையாகிறது.
யார் வைத்த கணக்கோ.

ஐம்பத்திரண்டு நிமிடம்.
முடிந்தது என்று சொல்ல முடியாது,
ஆளுக்கொரு நேரத்தில் கையை எடுத்தார்கள்.
விசிறி மட்டும் கொஞ்ச நேரம் வாசித்தது.

வியர்வையோடு இறங்கி வந்தவன்
என்னைக் கண்டதும்
பிப்ரவரி முகத்துக்குப் போனான்.
"அக்கா, அடுத்த வாரம் லா. கண்டிப்பா."
மூன்றாவது கண்டிப்பா.
அந்த இடத்தை வேண்டுமென்றா தொட்டாய் என்றேன்.
"எந்த இடம்?"
சொன்னேன்.
சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.
"வழுக்கிருச்சு. அப்புறம் விட மனசில்ல."

கடைசிப் படகு போயிருந்தது.
மோட்டாரில் கொண்டுவிடுகிறேன் என்றான்.
கிட்டார் உறை என் முதுகில்.
பாலத்துக்கு முன்னால் நிறுத்தி
பெட்ரோலுக்கு ஐந்து ரிங்கிட் கேட்டான்.
கொடுத்தேன்.
முந்நூற்று இருபத்திரண்டு.

கடல் இருட்டு. எதிரே பிறையின் விளக்குகள்.
பாலத்தின் இணைப்புகள் டயருக்கடியில்
தட்தட், தட்தட்,
தட்தட்.
ஏதோ ஓர் இணைப்பு மட்டும்
கொஞ்சம் தாமதித்து வந்தது.
முன்னால் அவன் ஹெல்மெட்
ஒருமுறை அசைந்தது.