தாடையில் கட்டிய படகு

ஆகஸ்டில் ஜுருவா வற்றும்.
கரை தன் விலாவைக் காட்டும்.
அப்படித்தான் கிடைத்தாய்,
செங்களிமண்ணில் பாதி புதைந்து,
ஒரு கீழ்த்தாடை மட்டும்.

மரவேர் என்றான் தேவ்ஸ்தெத்தி.
எட்டி உதைத்துவிட்டு
கால்விரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்தான்.
அன்றிலிருந்து நீ எங்கள் நங்கூரம்.
பல் விழுந்த சந்தில் கயிறு நுழைத்து
மூன்று மழைக்காலம் படகைப் பிடித்திருந்தாய்.
நான்காவது தொடங்குமுன் அவன் போய்விட்டான்,
தங்கம் சலிக்கிற இடத்துக்கு, யாருடைய படகிலோ.
நீ இருந்தாய்.

மீன் அரியும் கத்தியை உன்மேல்தான் தீட்டுவேன்.
எத்வான் தன் முதல் பால்பல்லை
உன் பல்குழியொன்றில் போட்டு வைத்து
விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தான்.
சேறு மூடியிருந்தது.
முளைக்கும் என்றான்.

பிறகு வால்திரேனி வந்தாள்,
நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து.
முழங்கால்வரை சேறு, கழுத்தில் பூதக்கண்ணாடி.
கயிற்றைப் பார்த்தாள். அது போய்ச் சேருமிடத்தைப் பார்த்தாள்.
அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்சோடான்.
குளம்புக்கால், இலைதழை தின்னும் வாய்,
காண்டாமிருகம் அளவுக்கு உடம்பு.
இன்று நடமாடுகிற எதுவும் அதன் வாரிசு இல்லையாம்.
"இதன் பல் நிற்காது, தோனா ஒஸ்மரினா,
தேயத் தேய வளரும்.
சாகும்வரை."

சாகும்வரை!
மரவள்ளி மாவைக் கிளறிக்கொண்டே
நாக்கால் என் ஓட்டைகளைத் தடவி எண்ணினேன்.
மேலே இரண்டு. கீழே நான்கு.

தருகிறேன், படகை எதில் கட்ட?
ஆயிரம் ஆயிரம் வருஷத்துக்குக் கணக்குச் சொன்னவள்
இதற்கு விழித்தாள்.
ஒரு மதியம் முழுக்கப் பேரம்.
கடைசியில் அவள் படகோட்டி முணுமுணுத்தபடி
பழுதான மோட்டாரின் இரும்புக்கட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

உன்னை ஈரச்சாக்கில் சுற்றி
வெள்ளைச்சாந்து பூசினாள்,
முறிந்த கைக்குக் கட்டுப்போடுவதுபோல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சேற்றைச் சுரண்டும்போது அவளே கண்டுபிடிக்கட்டும்
உன் குழிக்குள் ஒரு சின்னப் பல்லை.
அதற்கும் ஒரு பெயர் வைக்கட்டும்.

இரும்பு நன்றாகத்தான் பிடிக்கிறது.
துரு கயிற்றைச் சிவப்பாக்குகிறது, அவ்வளவுதான்.
ஆனால் ஜனவரி வெள்ளத்தில்
இரவு கயிறு முனகினால்
விளக்கெடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறேன்.
உன் காலத்தில்
ஒருநாளும் எழுந்ததில்லை.