இரண்டாவது குழாய்

போன ஏப்ரலில், டேங்கர்காரன்
இரண்டாயிரத்து நானூறு கேட்ட அன்று,
மாடிப்படிச் சுவரில் நான்தான் எழுதி ஒட்டினேன்.
தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று:
சிறுநீருக்குத் தண்ணீர் விட வேண்டாம்.
கீழே என் கையெழுத்து, வீட்டுக்காரி என்ற முறையில்.

மாடியில் ரெபெக்காள்.
ராஜாஜிநகர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
ஷிஃப்ட் முடிந்து வர இரவு ஒரு மணி ஆகும்.
செருப்பு, சாவி, கதவு.
அப்புறம் ஒரு சத்தமும் வராது.
தங்கமான பெண் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போவேன்.

மே மாதம் அவளுக்கு நீர்க்கடுப்பு.
"தண்ணியே குடிக்கிறதில்லக்கா,
குடிச்சா போகணும், போனா ஊத்தணும்."
வார்டில் எல்லாருக்கும்
நாளைக்கு மூன்று லிட்டர் என்று சொல்கிறவள்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நூறு கிலோமீட்டர் மேடேறி
மூச்சிரைக்க வருகிறது காவிரி,
காமாக்ஷிபாளையாவுக்கு வாரம் இரண்டு நாள்.
அதைத்தான் கோப்பையில் ஊற்றுகிறோம்.
ஊற்றியது விருஷபாவதியில் நுரைத்து
அர்க்காவதியில் விழுந்து
திரும்பக் காவிரிக்கே போகிறது.
என் தங்கை மேட்டூரில் இருக்கிறாள்.
இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

பிளம்பர் முனிராஜு ஒரு ஞாயிறு முழுக்க
மொட்டைமாடியில் பைப் அறுத்தான்.
ஜல்லி, கரி, பழைய கொசுவலை,
ஒரு கறுப்பு டேங்க்.
அங்கிருந்து கக்கூசுக்கு மட்டும் தனிக்குழாய்.
யாரும் குடித்துவிடக் கூடாதென்று
அதற்குப் பச்சை அடித்தான்.
பாக்கி பெயின்ட்டை என் கேட்டுக்கும் அடித்தான், கேட்காமலே.

ஜூனில் முதல் மழையை வெளியே விட்டோம்.
அது புறாக்களுடையது.
இரண்டாவது மழை டேங்குக்குள் இறங்கியது,
தூள் போதாத டீயின் நிறத்தில்.
கோப்பையில் ஒருநாள்
மஞ்சள் பூவிதழ் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.
அதன்மேல் உட்கார எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

அறிவிப்பைக் கிழித்தேன்.
ஃபெவிகால். பாதிதான் வந்தது.
'வேண்டாம்' மட்டும்
சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கிறது.

நேற்று இரவு ஒரு மணி.
செருப்பு, சாவி, கதவு.
தலைமாட்டுச் சுவருக்குள்
ஒரு சின்ன மழை இறங்கிப் போனது.
கொஞ்ச நேரம் கழித்து
அவசியமே இல்லாமல் இன்னொன்று.

கணக்குப் பார்க்கவில்லை என்றால் பொய்.
பத்தும் பத்தும் இருபது லிட்டர்.
இருக்கட்டும் என்று
திரும்பிப் படுத்தேன்.