செவ்வாய் மாலை ஏழு

இருபத்திரண்டு வருடமாக
இந்த ஊரைக் காதால் மட்டும் அறிவேன்.
ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. சன்னல் கிடையாது.
"என்ன தெரிகிறது, சொல்லுங்கள்"
என்று நாளுக்கு நூறு முறை கேட்பேன்.
நீலக் கதவு. தகரக் கூரை.
மூன்றாவது திருப்பத்தில் ஒற்றைக்கண் நாய்.
அவர்கள் சொல்லச் சொல்ல
வல்பரைசோவின் குன்றுகள்
என் தலைக்குள் தெருத்தெருவாக ஏறும்.

போன ஜூலை, கடல்மூட்டம் வாசல்வரை வந்த இரவில்
ஒரு பையன் அழைத்தான்.
அப்பா படிக்கட்டில் விழுந்து கிடக்கிறார்.
எந்தப் படிக்கட்டு?
இந்த ஊரில் அதைவிட வீணான கேள்வி இல்லை.
அவன் அழாமல் சொன்னான்:
கைப்பிடி பாதியில் முடிகிறது.
சுவரில் யாரோ திமிங்கிலம் வரைந்து
வாலை மறந்துவிட்டார்கள்.

வண்டி போய்ச் சேர்ந்தது.
அதற்கு மேல் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

விடியும்முன் பணிப்பட்டியலின் பின்பக்கம்
அந்தப் படிக்கட்டை வரைந்து பார்த்தேன்.
சீப்பு வந்தது.
இன்னொரு தாளில், பல் உடைந்த சீப்பு.

அப்படித்தான் ஐம்பத்து மூன்று வயதில்
எங்கே போய்ப் படிப்பது என்று தேடத் தொடங்கினேன்.

கீழ்நகரத்து அகாடமியில்
ஆணியில் தொங்கும் பிளாஸ்டர் மூக்குகள்.
முதல் வருடம் கனசதுரம், உருண்டை, கூம்பு.
இரண்டாம் வருடம் மூக்கு.
"படிக்கட்டு எப்போது?" என்றேன்.
மூன்றாம் வருடம், அதுவும் தேறினால் என்றாள்
முத்திரையை மையில் ஒற்றியபடி ஒரு பெண்.

கைப்பேசியில் ஒன்று: முப்பதே நாள், பாதி விலை,
இன்று நள்ளிரவு வரை மட்டும்.
நேற்றும் அதையேதான் சொன்னது.
முகமில்லாத ஒரு கை கண் வரைகிறது,
இமை, மணி, மணிக்குள் துளி வெளிச்சம்.
எங்கும் தயங்கவில்லை, எதையும் அழிக்கவில்லை.
மூச்சு வாங்காமல் பேசுகிறவர்கள்
பெரும்பாலும் பொய் அழைப்பு. என் வேலை கற்றுத் தந்தது.

அலெக்ரே குன்றில் நீர்வண்ணம்,
இரண்டு மணி நேரம், ஒரு கிளாஸ் வைன் உட்பட,
கட்டணம் டாலரில்.
வண்ண வீடுகள். பூனை வேண்டுமென்றால் பூனை.
பக்கத்து ஸ்டூல் ஜெர்மன்காரர்
என்னைப் பரிமாறுகிறவள் என்று நினைத்து
காலிக் கிளாஸை நீட்டினார்.
நிரப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது ஒரு துண்டுத்தாள்.
செவ்வாய் மாலை ஏழு, குடியிருப்போர் சங்கக் கூடம்.
கரி நாங்கள் தருவோம், அட்டை உங்களுடையது.
'கரி'யைப் பிழையாக எழுதி
அடித்துத் திருத்தியிருந்தார்கள்.

நடத்துகிறவள் எடெல்மிரா. பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறாள்.
"மாடலாக உட்காருகிறவர் கிரேன் ஆபரேட்டர்.
துறைமுகத்தில் வேலைநிறுத்தம், ஊர்வலம் போய்விட்டார்.
நீங்கள் உட்காருகிறீர்களா?"
வரையத்தான் வந்தேன் என்றேன்.
"தெரியும்" என்று நாற்காலியைத் தள்ளினாள்.

இருபது நிமிடம்.
தாளில் கரி உரசும் ஒலி, ஒன்பது பேர், ஒன்பது விதம்.
ஒருவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.
ஒருத்தி தொட்டுத் தொட்டு நிறுத்தினாள்.
திரும்பாமலே சொல்லியிருப்பேன்
யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று.

இடைவேளையில் எழுந்து சுற்றிப் பார்த்தேன்.
ஒருத்தி என் வாயைக் காதுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.
மீன்சந்தை ஓஸ்வால்டோ என்னை
உருளைக்கிழங்காக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார்.
ஆனால் ஒன்பது தாளிலும்
தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது,
யாரோ இன்னும் பேசி முடிக்காததுபோல.

கண்ணாடி சொன்னதில்லை.
நான் மணந்த இருவரும் சொன்னதில்லை.

படிவத்தில் எழுதினேன்: யாஸ்னா மார்தினிச்.
முன் அனுபவம் என்ற கட்டத்தை
என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.
எண்ணிக் கொடுத்த நோட்டுகளில்
என் விரல்கரி ஒட்டிக்கொண்டது.

அடுத்த செவ்வாய் எனக்கு இரவுப் பணி.
மாற்றிக்கொள்ளச் சொன்னால்
எதற்கு என்பான் ஹெரார்தோ.
படி வரையக் கற்றுக்கொள்ள.
எந்தப் படி என்பான், அவனும் எங்கள் ஆள்தானே.
சொல்வேன்:
கைப்பிடி பாதியில் முடியும்.
வாலில்லாத திமிங்கிலம்.