நிலுவை

பாலக்கோடு ஸ்டேஷனில்
கணினி இருக்கிற அறை முன்பு லாக்கப்பாக இருந்தது.
கம்பிக் கதவைக் கழற்றவில்லை.
ஏசி மாட்டியபோது சந்துகளைத் தகரத்தால் அடைத்தார்கள்.
உள்ளே நான், ஒரு மேசை,
மேசை விளிம்பில் யார் யாருடையவோ
பத்து விரல் மை.

முதலில் பெயர் கேட்கும்.
பிறகு தகப்பன் பெயர், ஊர், உயரம், மச்சம்.
தெரிந்த மொழிகள் என்றொரு கட்டம் உண்டு,
இந்தப் பக்கம் யாருக்கும்
கண்ணை மூடிக்கொண்டு மூன்று போடலாம்.
கைது தேதி இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.
சிவப்பு நட்சத்திரம் காட்டி மிரட்டும்.
முடிவு என்கிற கட்டத்துக்கு
நட்சத்திரம் கிடையாது.
காலியாக விட்டாலும்
சேமிக்கப்பட்டது என்று பச்சையில் சொல்லும்.

மாதையன், த/பெ மாதப்பன் என்று தட்டினால்
திரை நிறைந்துவிடும்.
மலை மேல் இருக்கிற மாதேஸ்வரனுக்கு
நேர்ந்து பெற்ற பிள்ளைகள்
வரிசையாக வந்து நிற்பார்கள்:
மணல், சாராயம், சீட்டாட்டம்,
மான்கறி, வாய்த்தகராறு.

செவ்வாய்க்கிழமை வந்தவனும் ஒரு மாதையன்.
தக்காளிச் செடி தொட்டுத் தொட்டுக்
கரும்பச்சை ஏறிய கை.
ஓசூரில் பம்பு கம்பெனி, இரவு ஷிப்ட்,
நன்னடத்தைச் சான்று கேட்கிறார்கள், வெள்ளிக்குள்.
பதினோரு பேரைக் கழித்து
இடது புருவத் தழும்பில் அவனைப் பிடித்தேன்.
2013. தக்காளி மண்டி. கிரேடு சரிந்த தகராறு.
294(பி), 323, 506.
நிலை: நிலுவை.

'விடுதலை ஆயிட்டேன் மேடம், பதினாறுலயே.
ஜட்ஜம்மா போலாம்னாங்க. போயிட்டேன்.'
தாள் எதுவும் வாங்கலையா?
'அதான் விட்டுட்டாங்களே,
அப்புறம் தாள் எதுக்கு?'

பதில் சொல்லத் தெரியவில்லை.
கைதுக்கு ஜீப் உண்டு.
விடுதலை நடந்துதான் வர வேண்டும்.
கோர்ட் கான்ஸ்டபிள் பைக்குள் ஏறி,
அவர் அரூருக்கு மாற்றலானதும் இறங்கி,
ரைட்டர் மேசையில் டீ கிளாசுக்கு அடியில் இருந்து,
அங்கிருந்து என் விரலுக்கு நாலடி.
அந்த நாலடியை
எட்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது.
அதற்குள் கைது சென்னை போய், டெல்லி போய்,
அசாமில் ஒரு காவலர் தட்டினாலும்
புருவத் தழும்போடு எழுந்து நிற்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
ஒரு நைட் டியூட்டியில்
என் பெயரையே அடித்துப் பார்த்தேன்.
மாதேஸ்வரி, திருவண்ணாமலைப் பக்கம்,
என் வயது, என் உயரம்,
நகைக்கடையில் ஒரு வளையல்.
போட்டோவில் கண் மூடியிருந்தாள்.
யாரும் மறுபடி எடுக்கவில்லை.
மாதாமாதம் பார்ப்பேன்.
நிலுவை. நிலுவை. நிலுவை.
போன தை மாதம் திடீரென ஒரு வார்த்தை:
விடுவிக்கப்பட்டார்.
எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர்
நட்சத்திரமில்லாத கட்டத்தை
மெனக்கெட்டு நிரப்பியிருக்கிறார்.
அன்றைக்கு ரெண்டு டீ குடித்தேன்.

யாரை யார் தேடினார், எத்தனை மணிக்கு,
எல்லாம் பதிவாகும்.
தேடியதன் காரணம் என்ற கட்டத்துக்கு
நட்சத்திரம் உண்டு.
சரிபார்ப்பு என்று போட்டிருக்கிறேன்,
பதினேழு முறை.

புதன்கிழமை ரைட்டர் சாப்பிடப் போன நேரம்
கட்டுகளை அவிழ்த்தேன்.
தும்மல், கரப்பான், துருப்பிடித்த குண்டூசி.
நாலாவது கட்டில் இருந்தது,
எலி தின்றது போக.
கையெழுத்து பாதி, தேதி முழுசாக.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அடித்து
சேமி என்பதை அமுக்கினேன்.
சர்வர் சுற்றுகிறது.
வெளியே சந்தைக்குப் போகிற வேன்களின் ஹாரன்.
சின்ன வட்டம்,
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
நாளை வியாழன்.